கணக்கு வாசிக்கும் நாள்

தொயாமாவில் அக்டோபர் கடைசி வியாழன்.
மலையில் பனி விழுந்துவிட்டதென்று
டிராமில் யாரோ சொன்னார்கள்.
ஆய்வுக்கூடத்தின் பின்புறம்
சைக்கிள் நிறுத்தத்துக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவே
இடுப்பு உயரத்தில் ஒரு கருங்கல்.
'உயிர்களின் ஆறுதலுக்கு' என்று மட்டும் வெட்டியிருக்கிறது.
எந்த உயிர், யாருக்கு ஆறுதல்,
உளி பிடித்தவன் கேட்டிருக்க மாட்டான்.

வெள்ளைச் சாமந்தி. ஊதுபத்தி.
ஒரு தட்டில் தீவன உருண்டைகள்,
வைத்தவர் குரமோச்சி.
கூண்டு கழுவும் பிரிவில் பத்தொன்பது ஆண்டு.
போன வருஷம் யாரோ காரட் வைத்தபோது
"இங்கே எந்த முயலும் காரட்டைக் கண்டதில்லை"
என்று எடுத்துக் குப்பையில் போட்டவர்.

இயக்குநர் இசாவா தாளை விரிக்கிறார்.
தட்டச்சு செய்தது நான்.
சுண்டெலி, ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு.
எலி, இரண்டாயிரத்து முப்பது.
முயல், நூற்று நாற்பத்து நான்கு.
நாய்,
இந்த இடத்தில் எப்போதும் தொண்டையைச் செருமுவார்,
இருபத்தாறு.
இருபத்தாறுக்கு ஒரு செருமல்.
ஒன்பதாயிரத்தைத் தண்ணீர்போல் வாசித்த அதே தொண்டை.

மீன்கள் தாளில் இல்லை.
கண்ணாடி உடம்புக்குள்
கடுகுக்கும் சிறிய இதயம் துடிப்பது
வெளியே தெரியும் குஞ்சுகள் அவை.
தொட்டிக் கணக்கில் எழுதுகிறோம்.

வாசலில் நான்கு பேர், ஒரு பதாகை, ஒரே குடை.
நடுவில் நிற்கும் நிவாவை எனக்குத் தெரியும்.
பிப்ரவரியில் அவர் நெஞ்சுக்குள் ஒரு குழாய் வைத்தார்கள்.
"அதை முதலில் எதற்குள் வைத்துப் பார்த்தார்கள் தெரியுமா?"
வீம்புக்குத்தான் கேட்டேன்.
"ஆடு" என்றார் உடனே.
"விசாரித்துவிட்டேன்.
கடன்பட்டவன் வந்து நிற்காமல்
வேறு யார் நிற்பது?"
என்னிடம் பதில் இல்லை.
குடையில்லாமல் உள்ளே நடந்தேன்.

மூன்றாம் மாடி ஹனேதா
சில்லு ஒன்றில் ஈரல் அணுக்களை வளர்க்கிறான்.
இன்னும் ஐந்து வருஷம், அப்புறம் இந்தக் கல் எதற்கு என்கிறான்.
சொல்லத் தொடங்கி எட்டு வருஷமாகிறது.
அணுக்களுக்கு என்ன ஊட்டுகிறாய் என்று கேட்டால்
குரல் இறங்கிவிடும்:
பிறவாத கன்றின் ரத்தத் தெளிவு.
அதற்கும் மாற்று வந்துவிட்டதாம்.
விலைதான், என்றான்.

குரமோச்சி வாங்கும் ஷாம்பு புட்டியில்
துள்ளும் முயல் படம்,
விலங்குகளில் சோதிக்கப்படாதது என்ற உறுதி.
"உள்ளே இருக்கும் சரக்கை எனக்கு முன்னிருந்தவர்
இதே கட்டடத்தில் முயல் கண்ணில் விட்டுப் பார்த்திருக்கிறார்.
இனி விட வேண்டியதில்லை, அது உண்மைதான்" என்பார்,
தலையைத் துவட்டுகிற மாதிரி சிரித்துக்கொண்டு.

எல்லோரும் போன பிறகு தட்டை எடுக்கப் போனவர்
கொட்டகையடியில் கீச்சென்ற ஒலி கேட்டுக் குனிந்தார்.
பூச்சி ஒழிப்புக்காரர்கள் வைத்த பசை அட்டை.
அதில் ஒரு சுண்டெலி.
கூண்டு எலி அல்ல, தெரு எலி;
சாம்பல் நிறம், கிழிந்த காது.
தீவன வாசத்துக்கு வந்திருக்கும்.
இதற்கு நெறிக்குழு இல்லை, மயக்க மருந்து இல்லை,
அடுத்த அக்டோபரில் செருமலும் இல்லை.

கட்டைவிரலை எங்கே அழுத்தினால் நொடியில் முடியும் என்பது
பத்தொன்பது ஆண்டாய் அவர் கைக்குத் தெரியும்.
அந்தக் கைதான்
கேண்டீனில் சமையல் எண்ணெய் கேட்டு வாங்கியது.
மண்டியிட்டு, மழையில்,
ஒவ்வொரு பாதமாக, பஞ்சால், நாற்பது நிமிஷம்.
நாளைக் காலைப் பட்டியலில்
அவர் கையால் எண்பது.
இரண்டையும் எப்படி ஒரே கை என்று
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடைசிக் கால் விடுபட்டதும்
அது அவர் விரலைக் கடித்துவிட்டு ஓடியது.

தாதி ஊசி போட்டார், டெட்டனஸுக்கு.
எதன் மேல் போட்டுப் பார்த்து வந்த ஊசியென்று
அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

காயப் படிவம் இப்போது என் மேசையில்.
விலங்கு: சுண்டெலி.
கடித்த இடம்: வலது ஆள்காட்டி விரல்.
விலங்கின் எண் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் ஊன்றி நின்றதுபோல்
ஒரு மைப்புள்ளி.
வேறொன்றும் இல்லை.